450-இல் ஓடிய கணினியும் ஆயுத பூஜை விளக்கும்

"அறை 33. சில்லு 54. விசிறி ஓடுகிறது. 450. சரி."

1999 செப்டம்பர் மாதத்து நாட்குறிப்பில் நான் எழுதி வைத்திருக்கும் வரி இது. எழுதிய இடம் கிள்ளான், மேரு சாலைப் பக்கம் ஒரு தையற்கார அம்மாவின் வீடு. முதல் இரண்டு எண்களும் செல்சியஸ்: அறையின் சூடு, கணினிச் சில்லின், அதாவது 'சிப்'பின் சூடு. 450 என்பது கணினியின் வேகம், மெகாஹெர்ட்ஸில்.

இதை இப்போது எடுத்துப் பார்க்கக் காரணம், நான் கடைசியாக வேலை செய்த சேவை மையத்துப் பையன்கள். சென்ற மாதம் ஒரு விருந்தில் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். இன்றைய சில்லுகள் சூடு ஏறினால் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்கின்றன, குளிர்ந்தால் தாமே கூட்டிக்கொள்கின்றன. மனிதன் கை வைக்க வேண்டியதே இல்லை. "அங்கிள், ஒங்க காலத்துல ஸ்பீடு ஏத்துறதுக்கு நெயில் பாலிஷ் வாங்குவீங்களாமே, நெசமா?" என்று ஒருவன் கேட்டான். நிஜம்தான் என்றேன். சிரித்தார்கள். வாங்கி வந்தது நானல்ல, மிஸ் ராஜேஸ்வரி என்று சொல்வதற்குள் பிரியாணி வந்துவிட்டது. விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

நான் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். எழுபதுகளின் கடைசியில் சுங்கை வே தொழிற்பேட்டையில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே எனக்குக் கொடுத்த இடம் பர்ன்-இன் அறை. செய்து முடித்த சில்லுகளைப் பெரிய சூட்டுப் பெட்டிக்குள் அடுக்கி, மின்சாரம் கொடுத்து, வேண்டுமென்றே வாட்டுவார்கள். பலவீனமானவை அங்கேயே செத்துவிடும். தாக்குப்பிடித்தவற்றை வேகம் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். ஒரே தட்டில் பிறந்த சில்லுகளில் ஒன்று விரைவாக ஓடும், ஒன்று மெதுவாக ஓடும். சில சமயம் விரைவாக ஓடக்கூடியதையும் மெதுவானது என்று முத்திரை குத்தி அனுப்புவார்கள், சந்தைக்கு மெதுவானதுதான் அதிகம் வேண்டும் என்பதால். அங்கே கழித்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை. வெயிலை விடச் சூடான ஓர் அறையில் சட்டைப் பையில் பேனா மை கசியாமல் வேலை பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

மிஸ் ராஜேஸ்வரி அதே தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு எஞ்சினியர். யாழ்ப்பாணத் தமிழர் குடும்பம். தகப்பனார் அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்று நினைக்கிறேன், கேட்டதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த வேலையை விட்டுவிட்டு பிரிக்பீல்ட்ஸில் மாடிக்கடை ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கணினி பழுது பார்க்கும் சேவையைத் தொடங்கினார். மறு ஆண்டு என்னையும் அழைத்துக்கொண்டார்.

அவர் வேலை செய்யும் விதம் பலருக்கு எரிச்சலூட்டியது. "ஓடுது மிஸ்" என்று நான் ஒரு கணினியைக் காட்டினால், "இன்னும் நிக்கேல்ல எண்டு சொல்லும்" என்பார். கோபமாகச் சொல்வதில்லை. மழை பெய்கிறது என்பது போலச் சொல்வார். வாடிக்கையாளர் காத்திருக்கும்போதும் அதே தொனிதான். அவசரப்படுத்துகிறவர்களுக்குத் தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத் தன் வேகத்திலேயே திருகாணியைக் கழற்றுவார். கழற்றிய திருகாணிகளை எந்த வரிசையில் வைத்தாரோ அதே வரிசையில் திரும்பப் பூட்டுவார்.

பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு ரிங்கிட் சரிந்து, வெளிநாட்டிலிருந்து வரும் வேகமான சில்லுகள் எட்டாத விலைக்குப் போய்விட்டன. அந்த நேரத்தில்தான் 300 மெகாஹெர்ட்ஸ் என்று முத்திரையிட்ட ஒரு மலிவுச் சில்லை 450-இல் ஓட்டலாம் என்ற செய்தி ஊரெல்லாம் பரவியது. சில்லு பொருத்திய அட்டையின் விளிம்பில் பொன் நிறக் கோடுகள் இருக்கும். அவற்றில் ஒன்றை மட்டும் மறைத்துவிட்டால், தாய்ப்பலகை அதை வேகமான சில்லு என்று எண்ணிக்கொள்ளும். ஒட்டுநாடா ஒட்டியவர்கள் உண்டு. மிஸ் நகப்பூச்சு வாங்கி வந்தார். ஒட்டுநாடா சூட்டில் நகர்ந்துவிடும், நகப்பூச்சு நகராது என்பது அவர் கணக்கு. நிறமில்லாததை விட்டுவிட்டுச் சிவப்பாக வாங்கியதற்கும் காரணம் வைத்திருந்தார்: எங்கே பூசியிருக்கிறோம் என்று அடுத்தவர் கண்ணுக்கும் தெரிய வேண்டும்.

பெரும்பாலும் விளையாட்டுக்காகத்தான் வந்து கேட்டார்கள். அவர்களையெல்லாம் மிஸ் வேறு கடைக்கு அனுப்பிவிடுவார். தேவகி வந்தபோதுதான் உட்காரச் சொன்னார்.

தேவகி உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஊர் மேரு. ஆண்டுக் கடைசியில் அவர் வீட்டுப் பக்கமெல்லாம் தண்ணீர் ஏறும். எந்த மழைக்கு எவ்வளவு ஏறும், வடிகாலை எவ்வளவு அகலப்படுத்தினால் ஏறாது என்பதைக் கணினியில் கணக்கிடுவதே ஆய்வு. மூன்று பெரிய கணக்குகள். இரண்டை முடித்துவிட்டார். மூன்றாவதுதான் பெரியது. அவரிடம் இருந்த கணினியில் அது ஓடி முடியக் கிறிஸ்துமஸ் தாண்டிவிடும். ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டியதோ நவம்பர் முடிவுக்குள். ஏற்கனவே ஒருமுறை தவணை நீட்டிக் கொடுத்துவிட்டார்கள், இன்னொருமுறை கிடையாது என்று எழுத்தில் சொல்லியிருந்தார்கள். ஐந்தாண்டு உழைப்பு.

"ஐந்நூறு வரைக்கும் போகலாம்னு சொல்றாங்க மிஸ்," என்றார் தேவகி. "வோல்டேஜ் கொஞ்சம் ஏத்துனா போதுமாம்."

"ஆர் சொன்னது?"

"இன்டர்நெட்ல, மிஸ்."

"வோல்ட் ஏத்தினா சூடு அதின்ர வர்க்கத்தில ஏறும் பிள்ளை. நீர் கணக்குப் படிச்சனீர், உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. நானூற்றைம்பது. அதுக்கு மேல ஒரு புள்ளியும் இல்லை."

"அப்ப நடுவுல முந்நூத்தி எழுபது மாதிரி ஒரு சேஃப் ஸ்பீடுல வைக்கலாமா?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"அதுதான் கூடாது, மாணிக்கம். நடு வேகத்தில வைச்சா வட்டுக்குப் போற வேகமும் பிசகும். சில்லுக்கு ஒண்டும் ஆகாது, வட்டில எழுதினது அழியும்."

இதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த விஷயம். பாதி வழி என்றால் பத்திரம் என்று எல்லோரும் நினைக்கும் இடத்தில் அவர் ஒருமுறை பலகையின் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

ஒரு நிபந்தனையும் போட்டார். ஒவ்வொரு மழைக் கணக்குக்கும் நடுவே, விடை முன்பே தெரிந்த ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். அந்த விடையை 300-இல் நிதானமாக எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். 450-இல் வரும் விடை கடைசி இலக்கம் வரை அதனோடு ஒத்துப்போக வேண்டும். "சூட்டில சில்லு செத்தா நல்லது, தெரிஞ்சிடும். சாகாமல் பொய் சொன்னாத்தான் ஆபத்து," என்றார். தேவகி அன்று மாலையே அந்தச் சோதனையைத் தன் நிரலுக்குள் எழுதிச் சேர்த்துவிட்டார்.

அடுத்து மிஸ் செய்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. தேவகிக்காக வாங்கிய சில்லின் விளிம்பில் நகப்பூச்சைப் பூசி, அதன் முதுகை ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து, பச்சைப் பயறு அளவு வெள்ளைப் பசையை வைத்து, தீர்ந்துபோன டெலிபோன் கார்டால் வழித்துப் பரப்பினார். பசை தடித்தால் அதுவே போர்வை ஆகிவிடும் என்பார். மேலே அலுமினியச் சிறகுகள் கொண்ட குளிர்விப்பானைப் பூட்டினார். சில்லோடு ஒட்டி, சூட்டை அளக்கும் ஒரு மெல்லிய கம்பி. பிறகு காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக அட்டையால் மறைத்து, வேண்டுமென்றே சூட்டை ஏற்றினார். சுங்கை வே பர்ன்-இன் அறை எனக்கு மேசை மேல் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. 68 பாகையில் சோதனைக் கணக்கு முதன்முறை பிசகியது. மறுமுறையும் அங்கேயேதான்.

"எங்க விழும் எண்டு தெரிஞ்சு போச்சு. இனி அதுக்குக் கிட்டவும் போகக்கூடாது. ஐம்பத்தைந்து எங்கட எல்லை."

கடையில் குளிரூட்டும் ஏர்கோன் உண்டு. அங்கே சில்லு 44-க்கு மேல் போகவில்லை. நான் பெட்டியை மூடப் போனேன். மிஸ் தடுத்துவிட்டார். "இது இஞ்ச ஓடப்போறதில்லையே. அந்தப் பிள்ளையின்ர வீட்டில போய் அளப்பம்."

அப்படித்தான் நாங்கள் கிள்ளான் போனோம். தகரக் கூரை, பிற்பகல். தேவகியின் அம்மா லட்சுமி வீட்டிலேயே தையல் கடை வைத்திருந்தார். முன்னறையில் தையல் மெஷின், அதன் பக்கத்திலேயே கணினி. பெட்டி மூடியிருந்தால் சில்லு 61-க்குப் போனது. பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, ஒரு மேசை விசிறியை நேராக உள்ளே பார்க்க வைத்தோம். 54. அப்போது எழுதியதுதான் தொடக்கத்தில் காட்டிய வரி.

"இந்த விசிறி மட்டும் நிக்கப்படாது அம்மா," என்றார் மிஸ்.

"நா ஏன் தொடப்போறேன்? எனக்குத் தையல் மெஷின்தான் தெரியும் லா," என்றார் அந்த அம்மா. எங்களுக்கு மைலோ கலக்கிக் கொடுத்தார்.

செப்டம்பர் கடைசியில் மூன்றாவது கணக்கு ஓடத் தொடங்கியது. தேவகி நாள்தோறும் சோதனைக் கோப்பின் கடைசி வரியைப் பார்ப்பார். சரி என்றிருக்கும். கடைக்குத் தொலைபேசியில் சொல்லுவார், மிஸ் "ம்" என்பார். அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை தேவகி தொலைபேசவில்லை, நேரில் வந்தார். பின்னிணைப்புக்காக முழுக் கோப்பையும் அச்சிட்டிருக்கிறார். நடுவில் ஒரு பத்தியில் விடைகள் பிசகியிருந்தன. அதற்கு முன்னும் பின்னும் விடைகள் சரியாக இருந்தன. தேதி ஆயுத பூஜை நாள்.

நாங்கள் மூவரும் மறுபடி கிள்ளான் போனோம். ஏதோ நடந்திருக்கிறது என்று எங்கள் முகத்தைப் பார்த்ததுமே அந்த அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"ஆயுத பூஜை அன்னிக்கு இந்தக் கம்ப்யூட்டர் கிட்ட என்னாம்மா பண்ணே?" என்று தேவகி கேட்டார்.

"என்னா பண்ணேன்? மெஷினுக்குப் பொட்டு வச்சேன், கத்தரிக்கோலுக்குப் பொட்டு வச்சேன், கிரைண்டருக்கு வச்சேன். இதுக்கு மட்டும் வைக்காட்டி கோவிச்சுக்கும்னு இதுக்கும் சந்தனம் வச்சு மாலை போட்டேன். நீ படிக்கிற பொருள்தானே?"

"பேனு?" என்று விசிறியைக் காட்டினார் தேவகி.

அம்மா விசிறியின் பொத்தானைத் தொட்டுக் காட்டினார். "பேன மூடுனேன். வெளக்கு நிக்கல, புள்ள. ரெண்டு தடவ ஏத்துறேன், ரெண்டு தடவயும் அணைஞ்சு போச்சு. வெளக்கில்லாம என்னா பூஜை? முடிஞ்சதும் தொறந்து வச்சிட்டேனே."

அம்மா எங்களை மாறி மாறிப் பார்த்தார். "கெட்டுப் போச்சா? ரிப்பேர் பண்ணிறலாம்ல, தம்பி?"

தொழில் செய்கிற வீட்டில் அந்த நாளில் அந்தப் பொருளின் முன் விளக்கேற்றுவார்கள் என்பது எனக்குத் தெரியாததா? என் தகப்பனார் ரயில்வே ஸ்பானருக்குப் பொட்டு வைத்தவர். விசிறியை அங்கே வைத்தபோது எங்கள் இருவருக்கும் அது தோன்றவில்லை.

மிஸ்தான் பதில் சொன்னார். "அம்மா, நீங்க ஒண்டும் பிழையாச் செய்யேல்ல. விளக்கு ஏத்தினா கணக்குக் கெடுற மாதிரி நான்தான் இதைச் செய்து வைச்சிருக்கிறன். அது என்ர வேலைதான்."

வெளியே வந்ததும் நான் தேவகியிடம் மெல்லச் சொன்னேன், பிசகிய அந்தப் பத்தியில் உள்ளவற்றை மட்டும் மறுபடி ஓட்டினால் போதுமே என்று. மற்றவை எல்லாம் சோதனையில் தேறியவைதானே.

"இல்லண்ணே," என்றார். "மண்ணோட ஈரம் ஒரு மழையிலேருந்து அடுத்த மழைக்குப் போவும். ஒரு மழை தப்புன்னா அதுக்கப்புறம் வர்ற எல்லாமே தப்பான மண்ணுல விழுது. கணக்குக் கூட்டுனது சரியா இருக்கும். ஆனா அதுக்குக் குடுத்த ஈரம் தப்பு."

"நடுவுல எங்கயாவது சேமிச்சு வச்சிருக்கீங்களா?"

"டிஸ்க்குல எடமில்ல. ஆரம்பத்துலேருந்துதான்."

ஒரு மாத ஓட்டம். கையிலிருந்ததும் ஏறக்குறைய ஒரு மாதம். மேற்பார்வையாளர் இந்தக் கோப்பை ஒருபோதும் திறந்து பார்க்கப் போவதில்லை என்று தேவகியே சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் ஆசை இருந்ததா, வெறும் தகவலா என்று எனக்குத் தெரியவில்லை. மிஸ் எங்கள் பழைய வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு, வீட்டின் முன்னால் ஓடிய வடிகாலைப் பார்த்தபடி நின்றார். அது அப்போது காய்ந்துதான் கிடந்தது.

"பெட்டிய வேன்ல ஏத்துங்கண்ணே," என்றார் தேவகி.

அந்தக் கணினியை மிஸ் கடையில் தன் மேசை மேலேயே வைத்தார். ஒரு மாதம் அவர் வேலை செய்தது முக்காலி மேல். சில்லுக்கு இன்னும் பெரிய குளிர்விப்பான் போட்டார். பசையை வழித்துவிட்டு மறுபடி பூசினார். பிறகு விசிறியையும் கணினியையும் ஒரே சுவிட்சில் கோத்தார். விசிறியின் சொந்தப் பொத்தான்களைப் பிடுங்கிவிட்டார். விசிறியை நிறுத்த வேண்டுமானால் கணினியும் நிற்கும். கணினி நின்றால் பொய்யான விடை வராது. இரண்டு கம்பிகளை ஒன்றாக முறுக்கியதுதான் அந்த ஏற்பாடு. செலவு ஏதுமில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சி, பின்னாளில் எத்தனையோ விலையுயர்ந்த சாதனங்களைப் பார்த்தபோது வரவில்லை. தேவகியும் நிரலை மாற்றி எழுதினார்: சோதனை ஒருமுறை பிசகினாலும் கணக்கு அங்கேயே நிற்க வேண்டும்.

பெட்டியின் மேல் ஒட்டிக் காய்ந்திருந்த சந்தனத்தை நான் துடைக்கப் போனேன். "இருக்கட்டும், அது காத்தை மறைக்கேல்ல," என்றார் மிஸ்.

அந்தத் தீபாவளிக்குக் கடை மூடியிருந்தாலும் மிஸ் காலையும் மாலையும் வந்து சூட்டைப் பார்த்துப் போனார். தேவகி, கணக்கு ஓட ஓட, வந்தவரைக்கும் உள்ளதை எழுதிக்கொண்டிருந்தார். லட்சுமி அம்மா பஸ் ஏறி வந்து முறுக்கு கொடுத்துவிட்டுக் கணினியைத் தூரத்தில் நின்றே பார்த்துவிட்டுப் போனார். கிட்டே வாருங்கள் என்று மிஸ் கூப்பிட்டும் வரவில்லை. "வேணாம் மிஸ், என் கை ராசியில்ல," என்றார். அதுதான் எங்களை வருத்தியது.

ஒரு சோதனையும் பிசகவில்லை. நவம்பர் முடியும் முன் தேவகி ஆய்வேட்டைக் கொடுத்தார். இரண்டு ஓட்டங்களையும் பற்றிப் பின்னிணைப்பில் எழுதியிருந்தார், யாரும் கேட்காமலே. வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அந்தப் பின்னிணைப்பைப் பற்றி மட்டும் நெடுநேரம் கேட்டாராம். கடைசியில், மற்ற இரண்டு கணக்குகளையும் நம்பலாம் என்று அதைப் படித்த பிறகுதான் தோன்றியது என்றாராம். பட்டம் கிடைத்தது.

இனி ஒரு விஷயம். பின்னிணைப்புப் பிரதி ஒன்றைத் தேவகி எனக்குக் கொடுத்தார். பிசகிய முதல் சோதனையின் நேரம் அதில் காலை ஆறே முக்கால் என்று இருக்கிறது. லட்சுமி அம்மா குளித்து, மாலை கட்டி, விளக்கேற்றியது வானொலியில் ஏழு மணிச் செய்தி முடிந்த பிறகு என்று உறுதியாகச் சொன்னார். பிறகு பலமுறை கேட்டும் மாற்றிச் சொன்னதில்லை. இரண்டும் உண்மையானால், விசிறி நிற்கும் முன்பே சில்லு தவறத் தொடங்கிவிட்டது. அப்படியானால் விளக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் புதிய ஏற்பாட்டில் அதே சில்லு அதே 450-இல் ஒருமுறைகூடத் தவறவில்லை என்பதும் உண்மை. இதை நான் காட்டியபோது மிஸ் அந்த எண்ணைத் தானே ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "அந்த அம்மாவுக்குச் சொல்லும். ஆனா நிச்சயம் எண்டு சொல்லாதையும்."

சொன்னேன். லட்சுமி அம்மா கேட்டுக்கொண்டார். "அப்ப நா இல்லன்னும் இருக்கலாம்ல?" என்றார். இருக்கலாம் என்றேன். அடுத்த ஆண்டு ஆயுத பூஜைக்கு அம்மா தானே மகளின் கணினிக்குப் பொட்டு வைத்ததாகத் தேவகி சொன்னார்.

பின்னிணைப்பில் காரணம் என்ற இடத்தில் தேவகி "உறுதி செய்யப்படவில்லை" என்றுதான் எழுதியிருக்கிறார். கணினியின் உள் கடிகாரம் அன்று சரியான நேரம் காட்டியதா என்று எங்களில் யாரும் ஒத்துப் பார்க்கவில்லை. அந்தக் கடிகாரத்தை ஓட்டும் பழைய மின்கலத்தை நான் மாற்றியது பெட்டி கடைக்கு வந்த அன்று. மாற்றும் முன் நேரத்தைக் குறித்து வைக்கவில்லை. ஆகவே அன்று முதலில் வந்தது பிழையா விளக்கா என்பது இதை எழுதும் இன்றும் சரிபார்க்கப்படாமலே இருக்கிறது.